மாஸ்டர் பதில்கள்: வலையும் தூண்டிலும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ‘எந்தக் கிற்றார் வாங்கலாம்?’ என்பவை. போன இதழில் சொன்னதே பதில்: கையில் இருக்கிற காசுக்குக் கிடைப்பதில், கம்பிகளை அழுத்த விரல் மல்லுக்கட்ட வேண்டியிராத எதுவும் நல்ல கிற்றார்தான். அவற்றை ஒரு பக்கம் கட்டி வைத்துவிட்டேன். இரண்டு கடிதங்கள் மட்டும் மேசையை விட்டு நகர மறுத்தன. ஒன்றை முதலிலும் மற்றதைச் சற்றுத் தள்ளியும் தருகிறேன். ஏன் என்பது வாசிக்கும்போது தெரியும்.

மாஸ்டர், எனக்கு 27 வயது. ஐந்து பேர் கொண்ட ரொக் குழுவில் பாடகன், கிற்றாரும் வாசிக்கிறேன். கலியாண வீடு, கோயில் திருவிழா, சுற்றுலாப் பருவத்தில் திருகோணமலைக் கரையில் நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல்கள் என்று ஓடிக்கொண்டிருந்தோம். எங்களுடைய சொந்தப் பாட்டு ஒன்று இப்போது எங்கும் ஒலிக்கிறது. கொழும்பிலும் வெளிநாட்டிலும் கூப்பிடுகிறார்கள். எல்லோரும் கேட்பது அதே மாதிரி இன்னொன்று. நானோ வீட்டில் தனியாக வேறொன்று செய்துகொண்டிருக்கிறேன். கிண்ணியாப் பாலத்தின் கீழே பதிந்த ஒலி, கன்னியா வெந்நீர்க் கிணற்றில் வாளியால் அள்ளி ஊற்றும் தண்ணீர், வயலின் வில்லால் இழுத்த கிற்றார். 11 நிமிடம். வரிகள் இல்லை. குழுவுக்குப் போட்டுக் காட்டினேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. குழுவை விடுவதா, இதை விடுவதா?
— பெயர் வேண்டாம், உப்புவெளி

தம்பி, ‘விடுவதா, விடுவதா’ என்று இரண்டு முறை கேட்டிருக்கிறீர். எதையாவது விட்டுத்தான் ஆக வேண்டும் என்று உமக்கு யார் சொன்னது?

ஒருவரும் வாய் திறக்கவில்லை என்பது உமது மனக்குறை. பாட்டே இல்லாத 11 நிமிடத்தை நான்கு பேர் எழுந்து போகாமல் கேட்டு முடித்திருக்கிறார்களே, அது உமக்குப் பெரிதாகப் படவில்லையா? எங்கள் காலத்துக் குழுவாக இருந்தால் மூன்றாம் நிமிடத்தில் எல்லோரும் தேத்தண்ணீர்க் கடையில் இருந்திருப்பார்கள்.

உமது ஊர்க் கரையில் விடிகாலையில் கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர். ஒரு கயிற்றின் நுனி கரையில் நிற்கும். தோணி வலையை வளைத்துப் போட்டுவிட்டு மற்ற நுனியைத் தூரத்தில் கொண்டுவந்து கொடுக்கும். பிறகு இரண்டு வரிசை மனிதர்கள், அம்பாப் பாட்டு. ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க மற்றவர்கள் பிடித்துக்கொள்வார்கள். அது அழகுக்குப் பாடுவதல்ல, இருபது கைகளும் ஒரே கணத்தில் இழுப்பதற்காகப் பாடுவது. ஹோட்டல் மேடையில் உமது டிரம்ஸ்காரர் செய்வதும் அதே வேலைதான். மீன் ஏறியதும் வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியின் பங்கு, இழுத்தவர்களின் பங்கு என்று பிரியும். காலையில் அந்தக் கயிற்றைப் பிடித்த ஒருவரையே மாலையில் பாறையில் தனியாகத் தூண்டிலோடு பார்க்கலாம். அந்த மீனில் யாரும் பங்கு கேட்பதில்லை. அவர் தூண்டில் போடுவதால் வலைக்கு நட்டமும் இல்லை. வலை பாதி கடலில் கிடக்கும்போது கயிற்றை விட்டுவிட்டுப் போனால்தான் சண்டை.

உமக்கு இருப்பது வலைக்கும் தூண்டிலுக்கும் நேரம் பிரிக்கிற பிரச்சினையா, அல்லது குழுவின் பாட்டு உமக்கு வெட்கமாகிவிட்டதா? இதை நீரே இரவில் யோசித்துப் பாரும். முதலாவது என்றால் வழி இருக்கிறது. இரண்டாவது என்றால், அந்தப் பாட்டுக்கு ஆடுகிற கலியாண வீட்டுக் கிழவியை இன்னொரு முறை மேடையிலிருந்து நன்றாகப் பார்த்துவிட்டு எனக்கு எழுதும்.

தனியாகச் செய்வது குழுவுக்குத் துரோகம் என்று நினைப்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்கிற கதை ஜோர்ஜ் ஹரிசனுடையது. பீட்டில்ஸ் குழுவின் உச்சக் காலம். இசைத்தட்டு ஒன்றில் ஹரிசனுக்கு ஒன்றிரண்டு பாட்டுக்கு இடம் கிடைத்தால் பெரிது. மற்ற இடமெல்லாம் லெனனுக்கும் மக்கார்ட்னிக்கும். 1968 ஜனவரியில் ஒரு படத்துக்குப் பின்னணி இசை செய்யப் பம்பாய்க்குப் போனார். அங்குள்ள ஒலிப்பதிவுக் கூடத்தில் சரோத், சந்தூர், ஷெனாய்க் கலைஞர்களை வைத்து வேலை செய்தார். பீட்டில்ஸ்காரர் ஒருவரின் முதல் தனி இசைத்தட்டு அப்படி வந்ததுதான். அதோடு முடியவில்லை. அதே நாட்களில் அதே கலைஞர்களை வைத்து இன்னொரு பாட்டின் இசையையும் பதிந்துகொண்டு லண்டனுக்குத் திரும்பினார். அங்கே அதன்மேல் பாடினார். அந்த ஆண்டு மார்ச்சில் வந்த பீட்டில்ஸ் சிங்கிளின், அதாவது பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள சிறு தட்டின், மறுபக்கத்தில் அது ஏறியது. ஹரிசனின் பாட்டு ஒன்று அவர்களுடைய சிங்கிளில் இடம்பிடித்தது அதுவே முதல் தடவை. தனியே தூண்டில் போடப் போனவர் குழுவின் சட்டிக்கும் ஒரு மீன் கொண்டுவந்தார்.

எல்லாத் தூண்டிலிலும் மீன் விழுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மறு ஆண்டு அவர் சிந்தசைசர் என்ற மின்னணுக் கருவியின் ஒலியை மட்டும் வைத்து, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு நீண்ட துண்டுகள் வெளியிட்டார். நான் அதை இரண்டு தடவை கேட்டிருக்கிறேன். முதல் தடவை எனக்கு வந்த எண்ணம் சரிதானா என்று பார்ப்பதற்காகத்தான் இரண்டாம் தடவை.

உமது நிலைக்கு இன்னும் கிட்ட வருவது அமெரிக்க ரொக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன். 1982 ஜனவரி, நியூ ஜெர்சியில் வாடகை வீடு, கசற்றில் நான்கு தடம் பதிகிற டாஸ்காம் பெட்டி, இரண்டு மைக். குழுவுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்க மாதிரிக்காகத் தனியே பாடிப் பதிந்தார். பிறகு குழுவைக் கூட்டி அந்தப் பாட்டுகளை வாசித்துப் பார்த்தார்கள். குழு திறமான குழு. ஆனாலும் பல பாட்டுகளில் அந்த வீட்டுக் கசற்றில் இருந்த ஏதோ ஒன்று கூடத்தில் வரவில்லை. கடைசியில், உறைகூட இல்லாமல் சட்டைப் பையில் கொண்டு திரிந்த அந்தக் கசற்றையே தட்டாக வெளியிட்டார்கள். இரைச்சல், எதிரொலி எல்லாவற்றோடும். அதே வீட்டில் அதே நாட்களில் பதிந்த இன்னொரு பாட்டுக்குக் குழு உயிர் கொடுத்தது. 1984இல் வந்த தட்டுக்கு அந்தப் பாட்டின் பெயரையே வைத்தார்கள். அமெரிக்காவில் அந்தத் தட்டின் ஏழு பாட்டுகள் முதல் பத்துக்குள் வந்தன. ஒரே மனிதர், ஒரே அறை, ஒரே பெட்டி. எது தூண்டிலுக்கு, எது வலைக்கு என்று அவருக்கே முன்கூட்டித் தெரிந்திருக்கவில்லை. குழுவிடம் கொண்டுபோய்ப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

நீர் என்ன செய்தீர்? முடித்து, மெருகேற்றி, 11 நிமிடத்தையும் பூட்டிவிட்டுக் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டினீர். பூட்டிய வீட்டைக் காட்டி ‘எப்படி?’ என்று கேட்டால் வாசலில் நிற்பவர் என்ன சொல்வார்? அரை வேக்காடாக இருக்கும்போது கொண்டுபோயிருக்க வேண்டும்.

இதைப் புத்திசாலித்தனத்தால் சொல்லவில்லை, பட்டுச் சொல்கிறேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பொழுதுபட்டால் தெரு அடங்கிவிடும். கரண்ட் இருக்கிற இரவுகளில் இரண்டு கசற் ரெக்கோடர்களை எதிரெதிரே வைத்து, ஒன்றில் பதிந்ததை ஓடவிட்டு அதன்மேல் வாசித்து மற்றதில் பதிவேன். பிறகு அதை ஓடவிட்டு மறுபடி வாசிப்பேன். ஒவ்வொரு சுற்றுக்கும் இரைச்சல் கூடும். நான்காம் சுற்றில் அது கடல் மாதிரியே கேட்கும். அந்தக் கடலில்தான் எனக்குப் பைத்தியம். குழுவில் ஒருவருக்கும் சொல்லவில்லை. ‘இவர்களுக்கு விளங்காது’ என்ற திமிர்தான், வேறொன்றுமில்லை. ஒரு கோயில் திருவிழாவில், இரண்டு சினிமாப் பாட்டுக்கு நடுவே, யாரையும் கேட்காமல் அதை வாசிக்கத் தொடங்கினேன். ஏழு நிமிடம். முடிந்ததும் ஒரு பெரியவர் மேடைக்குப் பக்கத்தில் வந்து, மிகுந்த அன்போடு, “தம்பி, வயரில் ஏதோ பழுது போலிருக்கிறது, பாருங்கள்” என்றார்.

எங்கள் கீபோர்ட்காரர்தான் குழுத் தலைவர். எங்களை ஏற்றிவந்த வான் வண்டி என் வீட்டு வாசலுக்கு வரும்வரை ஒன்றும் பேசவில்லை. இறங்கும்போது சொன்னார்: “நீ வாசித்ததில் எனக்குக் கோபமில்லை. அடுத்த பாட்டுக்கு விரலை வைத்துக்கொண்டு ஏழு நிமிடம் சிலை மாதிரி நின்றேனே, ஒரு வார்த்தை முன்னமே சொல்லியிருந்தால் நானும் இரண்டு சுரம் வாசித்திருப்பேன்.” அவர் இப்போது டொரொன்டோவில். வருடப்பிறப்புக்கு வருடப்பிறப்பு பேசுவோம். அந்த இரண்டு சுரம் எவை என்று நான் இன்னும் கேட்கவில்லை.

சரி, நேரப் பிரச்சினைக்கு வருவோம். நமது கரையில் வைகாசி முதல் புரட்டாசி வரை கடல் அமைதி, ஹோட்டல்களில் கூட்டம். அதற்கு முன்னால் பங்குனியில் கோணேசர் கோயில் திருவிழா, மற்றக் கோயில்களும் வரிசையாக வரும். ஐப்பசி முடிந்து வாடைக்காற்று எழும்பினால் நிலாவெளியில் வெள்ளைக்காரரைக் காண்பது அரிது. மார்கழியில் கலியாணமும் இல்லை. ஆக, மார்கழியை உமக்கென்று நம் ஊரே ஒதுக்கிவைத்திருக்கிறது. குழுவிடம் போய், ‘கார்த்திகை பாதி தொடக்கம் தைப்பொங்கல் வரை நான் கயிறு பிடிக்க மாட்டேன், மற்ற நாளெல்லாம் பிடிப்பேன்’ என்று நாள் குறித்துச் சொல்லும். சொன்ன நாளில் திரும்பியும் வாரும். வெளிநாட்டு அழைப்பு மார்கழியில் வந்தால்? அங்கே அது நத்தார்க் காலம், கட்டாயம் வரும். ஒரு வருடம் நீர் விட்டுக்கொடும், அடுத்த வருடம் அவர்கள் விட்டுக்கொடுக்கட்டும். இதை முன்கூட்டியே பேசிக்கொள்ளும். விமான டிக்கெட் வந்த பிறகு பேசினால் எந்த நியாயமும் எடுபடாது.

காசையும் பிரித்து வையும். குழுவின் காசில் உமது தனி வேலைக்கு மைக் வாங்க வேண்டாம். உமது பங்கு கைக்கு வந்த பிறகு அதில் எத்தனை மைக் வாங்கினாலும் அது உமது வீட்டாருக்கும் உமக்கும் இடையிலான வழக்கு.

மகன் இரவு பத்து மணிக்குக் கதவைச் சாத்தினால் இரண்டு மணிவரை ஏதோ ‘ஙொய்’ என்ற சத்தம். பகலில் குழுவோடு வாசித்துக் கொஞ்சம் சம்பாதிக்கிறான், அதில் குறையில்லை. இந்த இரவு வேலையால் என்ன பிரயோசனம்?
— ஒரு தாய், லிங்கநகர்

அக்கா, பிரயோசனம் இருக்கிறதா என்று அவனுக்கே இன்னும் தெரியாது, அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறான். சம்பாதிக்கிற பிள்ளை இரவில் வீட்டுக்குள் இருக்கிறான் என்பதே எங்கள் தலைமுறைத் தாய்மாருக்குக் கிடைக்காத நிம்மதி. ஒரு ஹெட்போன் வாங்கிக் கொடுங்கள், நீங்களும் நித்திரை கொள்ளலாம். ஒரு நாள் மட்டும் அதை வாங்கி உங்கள் காதிலும் வைத்துப் பாருங்கள். பிடித்திருக்கிறது என்று பொய் சொல்ல வேண்டாம்.

மாஸ்டர், நான் ஒரு குழுவில் டிரம்ஸ் வாசிக்கிறேன். எங்கள் பாட்டு ஒன்று பிரபலமானதும் சுவரொட்டியில் பாடகரின் முகம் மட்டும் பெரிதாக வருகிறது. அவர் இப்போது தனியாக ஏதோ செய்கிறார். 20 நிமிடச் சத்தம் ஒன்றைப் போட்டுக் காட்டினார். பாலத்தின் கீழே பதிந்தாராம். என்ன சொல்வதென்று தெரியாமல் பேசாமல் இருந்துவிட்டோம். நாளை அவர் தனியாகப் போய்விட்டால் அந்தப் பாட்டு யாருக்கு? நாங்கள் நால்வரும் என்ன செய்வது?
— பெயர் போட வேண்டாம், திருகோணமலை

இப்போது விளங்கியிருக்கும், இந்தக் கடிதத்தை ஏன் தள்ளி வைத்தேன் என்று. பாடகருக்கு 11 நிமிடம். டிரம்ஸ்காரருக்கு 20 நிமிடம். நிமிடக் கணக்கில் இருவரும் பொய் சொல்லவில்லை என்றே நான் நம்புகிறேன்.

தம்பி, முதலில் பாட்டு யாருக்கு என்ற கேள்வி. நம் நாட்டில் இதற்கு 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிறது. படைப்பு உருவான கணத்திலேயே பதிப்புரிமை பிறந்துவிடுகிறது. எங்கும் போய்ப் பதிய வேண்டியதில்லை. படைத்தவரின் வாழ்நாளும் அதற்குப் பின் 70 ஆண்டுகளும் அது நிற்கும். பலர் சேர்ந்து படைத்திருந்தால், கடைசியாக உயிரோடு இருப்பவர் இறந்ததிலிருந்து அந்த 70 ஆண்டு. ஆனால் வரி யாருடையது, மெட்டு யாருடையது, நடுவில் வருகிற அந்தத் தாளக்கட்டை யார் கண்டுபிடித்தார் என்று சட்டம் கனவு கண்டு சொல்லாது. ஐந்து பேரும் உட்கார்ந்து, ஒரு தாளில், ஆளுக்கு எத்தனை வீதம் என்று எழுதி, திகதி போட்டு, கையொப்பம் வைத்து, ஆளுக்கொரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். குழுவின் பெயர் யாருக்கு என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். பாட்டு நன்றாக ஓடும்போதே செய்ய வேண்டிய வேலை இது. பகை வந்த பிறகு எழுதுகிற தாள் வேறு மாதிரி இருக்கும். பெரிய தொகை வருமென்றால் ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள்.

சுவரொட்டியில் முகம் போடுவது பாடகரின் குற்றம் அல்ல, அச்சடிப்பவரின் பழக்கம். அதைக் குழுவாகச் சொல்லித் திருத்தலாம். எனக்கு 22 வருட அனுபவத்தில் சுவரொட்டியில் என் முழங்கை மட்டும் ஒரு தடவை வந்தது.

இனி, நீர் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். பீற்றர் கேப்ரியல் என்ற பாடகர் 1975இல் ஜெனெசிஸ் குழுவை விட்டுப் போனார். மிச்சமிருந்தவர்கள் பாடகர் தேடி அலைந்து, கடைசியில் டிரம்ஸ்காரர் ஃபில் கொலின்ஸையே பாடவிட்டார்கள். கேப்ரியல் தனியாகப் பரிசோதனை செய்துகொண்டிருந்தார். 1980இல் வெளியான அவருடைய மூன்றாம் தட்டுக்கு ஒரு விசித்திரமான கட்டளை: டிரம்ஸில் சிம்பல், அதாவது ஓங்கி ஒலிக்கிற அந்த உலோகத் தட்டு, கூடாது. உமக்கு யாராவது அப்படிச் சொன்னால் குச்சியை எறிந்துவிட்டுப் போய்விடுவீர், நான் அறிவேன். அந்தத் தட்டின் முதல் பாட்டுக்கு டிரம்ஸ் வாசித்தவர் யார் தெரியுமா? அவர் விட்டுவந்த குழுவின் அதே கொலின்ஸ்.

அந்தப் பாட்டைப் பதிந்த லண்டன் கூடத்தில் ஒரு மைக் தொங்கும். அது பதிவுக்கு அல்ல. உள்ளே இருக்கிற கலைஞர் பேசுவது வெளியே பொறியாளருக்குக் கேட்பதற்கு. மெதுவாகப் பேசினாலும் கேட்கும்படி அதில் உரத்த ஒலியை அடக்கி மெல்லியதை மேலே தூக்குகிற கடுமையான அமுக்கிக் கருவி ஒன்று பூட்டியிருந்தது. கொலின்ஸ் அடித்துக்கொண்டிருந்தபோது பொறியாளர் ஹியூ பட்ஜம் அந்த மைக்கைத் திறக்க, அறை முழுவதும் இடிந்து விழுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. அதை ஒரு ‘கேட்’ கருவியால் வால் இல்லாமல் சடாரென்று வெட்டினார்கள். சிம்பல் இருந்திருந்தால் அதன் நீண்ட ஒலி நடுவே புகுந்து இதைக் கெடுத்திருக்கும். அடுத்த ஆண்டு கொலின்ஸ் தம்முடைய முதல் தனித் தட்டில் அந்த ஒலியை வைத்தார். எண்பதுகள் முழுக்க உலகம் அதைத்தான் அடித்தது. நம் ஊர்க் கலியாண வீடுகளில் கேட்ட எலெக்ட்ரிக் டிரம்ஸ் பெட்டிகளிலும் அதன் நகல் இருந்தது. ஆனால் அவர் குழுவை விடவில்லை. தனிப் பாட்டும் குழுப் பாட்டுமாக 1996 வரை இருந்தார். 1986இல் குழுவின் பாட்டொன்று அமெரிக்காவில் முதலிடத்துக்கும் போனது.

நீரும் பேசாமல் இருந்தீர் அல்லவா? போய்ச் சொல்லும். ‘நன்றாக இருக்கிறது’ என்று அல்ல. ‘ஆறாம் நிமிடத்தில் எனக்குச் சலித்தது, எட்டாம் நிமிடத்தில் தண்ணீர்ச் சத்தத்துக்குப் பக்கத்தில் ஓர் அடி இருக்கலாம் போலத் தோன்றியது’ என்று சொல்லும். உமக்கு அப்படி ஒன்றும் தோன்றவில்லையென்றால் அதையும் சொல்லும்.

தமிழில் இப்படி யாராவது செய்திருக்கிறார்களா? நீங்கள் சொல்பவர்கள் எல்லோரும் வெள்ளைக்காரர்கள்.
— மூதூர் வாசகர்

குத்து சரியான இடத்தில் விழுந்தது. 1986ஐ நினைத்துப் பாருங்கள். சினிமாவில் இளையராஜாவைத் தாண்டி மூச்சுவிட முடியாத காலம். அந்த ஆண்டு அவர் படமும் இல்லாமல் கதாநாயகனும் இல்லாமல் ‘ஹௌ டு நேம் இட்’ என்ற தட்டைச் செய்தார். தியாகராஜரையும் ஜெர்மன் இசை மேதை பாஹையும் ஒரே வீட்டில் குடிவைத்த வாத்திய இசை. அதற்காகச் சினிமாவை விட்டாரா? இல்லை. அந்த ஆண்டுப் படங்களின் பாட்டுகளை இன்னும் பஸ்ஸில் கேட்கிறோம். 1988இல் மறுபடியும் ஒன்று செய்தார், ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலோடு. அதை நான் எங்கள் குழுவின் வான் வண்டியில் போட்டேன். பேஸ் கிற்றார்காரர் மட்டும் கண்ணைத் திறந்துகொண்டிருந்தார், மற்றவர்கள் குறட்டை.

நம் ஊருக்கும் வருகிறேன். பரமேஷ், கோணேஷ் சகோதரர்கள் திருகோணமலைக்காரர்கள். சினிமாப் பாட்டைத் தவிர வேறொன்றும் மேடையில் எடுபடாது என்று எல்லோரும் நம்பிய காலத்தில், நம்மவர் தமிழில் சொந்தமாகப் பொப் பாட்டுப் பாடினார்கள். இன்று அது நமக்குப் பழைய, இனிய பாட்டு. அன்று அதுவும் ஒரு பரிசோதனை.

ஒரு குழுவில் எல்லோரும் ஒரே நேரத்தில் தனித் தட்டுப் போட்டால் பொறாமை வராதல்லவா?
— கந்தளாய் வாசகர்

கிஸ் என்ற குழு அதைச் செய்து பார்த்துவிட்டது. 1978 செப்டம்பர் 18ஆம் திகதி, நான்கு பேருக்கும் நான்கு தட்டுகள், ஒரே நாளில். கடைகளுக்கு அனுப்பியதில் பெருந்தொகை விற்காமல் திரும்பி வந்தது. இரண்டு வருடத்துக்குள் டிரம்ஸ்காரர் குழுவில் இல்லை. நால்வருக்கும் ஒரே நாளில் தனியாகச் சொல்ல ஏதாவது இருக்கும் என்று நிறுவனம் நினைத்தால் இப்படித்தான் ஆகும்.

மாஸ்டர், நான் 17 வயது மாணவி. கீபோர்ட் வாசிப்பேன். ஊர் ஒலிகளைக் கைப்பேசியில் பதிகிறேன். கடற்கரையில் பதிந்தால் காற்று ‘புர்ர்’ என்று எல்லாவற்றையும் மூடிவிடுகிறது. என்ன செய்யலாம்?
— கிண்ணியா

பிள்ளை, உங்கள் கடிதம்தான் இந்த மாதத்தில் எனக்குப் பிடித்தது. ஒரு தத்துவமும் இல்லாமல் நேரே கேட்டிருக்கிறீர்கள். காற்று மைக்கின் மேல் நேரே மோதுவதால் வருவது அந்தச் சத்தம். மைக் இருக்கிற பக்கத்தைக் காற்றுக்கு முதுகாகத் திருப்புங்கள். அதன்மேல் மயிர் நிறைந்த துணி ஒன்றைத் தளர்வாகச் சுற்றுங்கள். பழைய பொம்மையின் தோல் மிக நல்லது. இறுக்கிச் சுற்ற வேண்டாம். கைப்பேசியை விமானப் பயன்முறையில் வைத்து, கையில் பிடிக்காமல் துண்டொன்றின் மேல் வைத்துவிட்டு, இரண்டு நிமிடமாவது அசையாமல் இருங்கள். தொடங்கும்போது இடத்தையும் திகதியையும் வாயால் சொல்லிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து எந்த அலை எந்த ஊர் அலை என்று உங்களுக்கே தெரியாது.

பாலத்தின் ஒலி வேண்டுமென்றால் காற்றை மறந்துவிட்டு இரும்பைக் கேளுங்கள். எலெக்ட்ரோனிக் கடையில் ‘பியெசோ’ என்று அதிர்வை ஒலியாகப் பிடிக்கிற சிறிய பித்தளை வட்டம் சொற்பக் காசுக்குக் கிடைக்கும். அதை ஒரு வயரில் பற்றவைத்து, கைப்பிடிக் கம்பியில் பசை நாடாவால் ஒட்டினால், லொறி போகும்போது பாலம் உள்ளே முனகுவது கேட்கும். வாகனப் பக்கம் இறங்க வேண்டாம். வீட்டில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். நிலாவெளிக்கு எதிரே கடலில் உள்ள புறாமலைத் தீவுக்குப் போனால் அது 2003 முதல் தேசியப் பூங்கா. ஒலிக்காகப் பவளப் பாறையில் கால் வைக்கக்கூடாது.

உங்கள் ஊரைப் பற்றி ஒன்று சொல்லட்டுமா? 2009இல் பாலம் திறக்கும்வரை நாங்கள் கிண்ணியாக் கலியாணங்களுக்கு அம்ப்ளிஃபயர் பெட்டிகளைப் ‘பாதை’யில் ஏற்றிக்கொண்டுதான் வருவோம். வேற்றூர் வாசகர்களே, பாதை என்றால் இங்கே வழி அல்ல. வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு நீரைக் கடக்கும் மிதவை. சங்கிலியின் கிறீச், ஏறுபலகை விழுகிற ‘டமார்’, கோழிக் கூடை, யாரோ ஒருவர் எப்போதும் எட்டிக் கூப்பிடுகிற ஒரு பெயர். என்னிடம் ரெக்கோடர் இருந்தது. மடியில்தான் இருந்தது, மழையில் நனையக்கூடாதென்று பொலித்தீன் சுற்றி. நூறு தடவை கடந்திருப்பேன். ஒரு தடவையும் பொத்தானை அழுத்தவில்லை. அது சத்தம்தானே, இசையா என்று இருந்துவிட்டேன். நீங்கள் பாலத்தைப் பதிகிறீர்கள். பதியுங்கள், பிள்ளை.

உப்புவெளிப் பாடகருக்கும் திருகோணமலை டிரம்ஸ்காரருக்கும் ஒரு குறிப்பு

இருவரும் பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறீர்கள், போடவில்லை. ஆனால் இந்த இதழ் கைக்கு வந்ததும் இருவருக்கும் விளங்கிவிடும், மற்ற மூவருக்கும் விளங்கிவிடும். உவர்மலையில் என் வீட்டு முன் அறை வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மேல் சும்மா கிடக்கிறது. ஐந்து பேரும் வாருங்கள். 11 நிமிடத்தை முடித்த வடிவில் கொண்டுவர வேண்டாம், தம்பி. தண்ணீர், பாலம், வில் எல்லாவற்றையும் தனித்தனித் தடங்களாகக் கொண்டுவாரும். பங்கு எழுதுகிற தாளும் பேனாவும் நான் வைத்திருப்பேன். டிரம்ஸ் செட் கொண்டுவர முடியாது, பக்கத்து வீட்டில் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருக்கிறது. மெல்ல அடிக்கிற டிரம்ஸ் பிரஷ் மட்டும் எடுத்துவந்தால் போதும். அடிப்பதற்கு எங்கள் வீட்டுச் சுளகு தருகிறேன். சிம்பல் இல்லை.